சும்மா நின்றவள்

போன வாரம் ரோலரில் சிக்கிய கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இரண்டும் தேறுமா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். டாக்டர் "பார்க்கலாம்" என்றால் என்ன பொருள் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தையின் வலது கை அது.

மாமாவின் சலவை ஆலைக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாய்ப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, கொதிக்கும் ரோலருக்கு ஊட்ட வேண்டும். அது இழுத்துக்கொண்டு மறுபக்கம் மொறமொறவென்று தள்ளும். முதலாளியின் மனைவி என்றாலும் ஊட்டுகிற வேலை அத்தைக்குத்தான். "நான் ஊட்டினாத்தான் அது ஒழுங்காச் சாப்பிடும்" என்பாள். அன்று விரிப்போடு விரல்களையும் சேர்த்துச் சாப்பிட்டது.

கவனக்குறைவு என்றார்கள் எல்லோரும்.

ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. குட்டி.

குட்டி என்பது வீட்டுப் பெயர்தான். ஆள் மேலாண்மைப் படிப்பில் கடைசி வருடம். அம்மா வகுப்பெடுக்கும் அதே கல்லூரி, இந்தப் பருவத்தில் அம்மா எடுக்கும் அதே பாடம். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை மேல் அவ்வளவு பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பாசமும் இருந்தது.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத்தான் மாமா வந்தார். உட்காரவில்லை. வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அத்தைக்கு எப்படி இருக்கு மாமா?"

"இல்லாத விரல் அரிக்குதுங்கறா. எப்படிச் சொறிஞ்சு விடறது, சொல்லு."

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்க பாரு. ஆய்வு அதிகாரி இன்னைக்கு மத்தியானம் வர்றார். எல்லாம் பேசியாச்சு. தூண் ஒத்துக்கிட்டா."

தூண் என்பது ஆலையில் ஒரு பெண்ணுக்கு வைத்த பட்டப்பெயர். நல்ல உயரம். ரோலருக்குப் பக்கத்துச் சுவரோரம், சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே, நாள் முழுக்க அசையாமல் நிற்பாள். அதனால் வந்த பெயர்.

"என்ன ஒத்துக்கிட்டாங்க?"

"எப்பவும்போல ரோலர்கிட்டதான் நின்னேன், தண்ணி குடிக்கப் போனப்ப இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லிடுவா. வேலை போகாதுன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். அதிகாரி எழுதிக்கிட்டுப் போயிடுவார்."

"ஆனா அவங்க அங்க நிக்கவே இல்லையே மாமா. நாமதானே அவங்களை மடிக்கிற மேஜைக்கு மாத்தினோம்?"

"நாம இல்ல," என்றார் மாமா. "நீ."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. மாமாவின் குரலும் இறங்கியது.

"உன் பேரு எங்கயும் வரக்கூடாதுன்னுதான் கண்ணு இவ்வளவும். படிக்கிற பொண்ணு நீ. உங்கம்மா பேரு வேற இருக்கு. இன்னைக்கு கிளாஸ்ல ஏதோ பேசணுமாமே? லாண்டரியை விட்டுட்டு வேற எதையாவது பேசு."

அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "எப்படா வந்தே? டீ போடறேன், இரு."

"வேணாம்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மூஞ்சி என்னடா இப்படி இருக்கு? தூங்கினியா?" தம்பியின் தோளில் ஒட்டியிருந்த வெள்ளைப் பஞ்சை அம்மா விரலால் எடுத்துப்போட்டாள். சின்ன வயசிலிருந்து பழக்கம். அவனைப் பார்த்தால் எதையாவது துடைக்க வேண்டும் அவளுக்கு. அந்த ஆலைக்குள் போய்விட்டுப் பஞ்சு ஒட்டாமல் வந்தவர் கிடையாது. ஜன்னல் கம்பி, குழல் விளக்கு, சுவர்க் கடிகாரம், எல்லாவற்றின் மேலும் அது மெல்லிசாய் மயிர் முளைத்ததுபோலப் படிந்திருக்கும்.

மாமா போய்விட்டார். குட்டி முன்னால் இருந்த தட்டை அப்படியே நகர்த்தி வைத்தாள்.

"இன்னைக்கு உன் முறை. ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் அம்மா.

"இருக்கு."

*

அம்மாவின் பாடத்துக்குக் கால அட்டவணையில் நீளமாய் ஒரு பெயர் உண்டு. மாணவர்கள் சுருக்கமாய் "பேய் நாற்காலி" என்பார்கள்.

முறை இதுதான். படித்ததில் ஏதாவது ஒன்றை நிஜமான வேலையிடத்தில் போய்ச் செய்து பார்க்க வேண்டும். செய்ததை வந்து சொல்ல வேண்டும். அது முதல் சுற்று. சில வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வகுப்புக்கு நடுவே ஒரு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார வேண்டும். உன் யோசனையால் யாருடைய வேலை மாறியதோ, அந்த ஆள் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்து அவரிடம் பேச வேண்டும். என்ன செய்தேன், என்ன ஆயிற்று, எதைக் கேட்காமல் விட்டேன். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், புத்தி சொல்லக்கூடாது. அறையில் பேசியது அறையோடு போயிற்று. வகுப்புக்குள் அம்மா அம்மா இல்லை, மேடம்.

அன்று முதலில் உட்கார்ந்தவன் ஒரு டீக்கடையில் வரிசையைக் குறைக்கப் போனவன்.

"அண்ணே, வணக்கம்," என்றான் நாற்காலியிடம். "உங்க கடையில வரிசையைக் குறைக்கறேன்னு சொன்னேன். குறைச்சுட்டேன். இப்ப ஆளே வர்றதில்லை."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். "எதைக் கேட்காம விட்டே?"

"வரிசையில நிக்கறவங்க எதுக்கு நிக்கறாங்கன்னு, மேடம். டீக்குன்னு நெனச்சேன். பேசறதுக்கு நின்னிருக்காங்க."

"நல்லா இருக்கு. அடுத்தது."

குட்டி எழுந்து வந்தாள்.

அம்மாவுக்கு அவளுடைய முதல் சுற்று நன்றாக நினைவிருந்தது. எல்லாருக்குமே நினைவிருந்தது. மாமாவின் ஆலையில் ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் கையை அசைக்கிறார்கள், எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று செல்போனில் நேரம் பார்த்துக் கணக்கெடுத்து, திரையில் வண்ணப் பட்டைகளாய்ப் போட்டுக் காட்டினாள். ஒரு பட்டை மட்டும் முழுக்கச் சிவப்பு. நாள் பூராவும் சும்மா நிற்கும் ஒரு ஊழியர். அவரை மடிக்கிற மேஜைக்கு மாற்றினால் அங்கே தேக்கம் தீரும். தீர்ந்தது. வகுப்பு கை தட்டியது. "பார்வைன்னா இது," என்று அம்மா சொன்னாள். மகள் என்பதால் கூடுதலாய்ப் பாராட்டிவிட்டோமோ என்று அன்று மாலை கொஞ்சம் கூச்சம்கூடப் பட்டாள்.

குட்டி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். அம்மா பேனா மூடியைத் திருகினாள்.

"அத்தை," என்றாள் குட்டி.

மூடி நின்றது.

"அத்தை, நான்தான். ரோலர் பக்கத்துல ஒருத்தங்க நின்னுக்கிட்டே இருப்பாங்கல்ல, தூண். அவங்க கை அசையவே இல்லை. நான் மூணு நாள் பார்த்தேன். அசையலை. சும்மா நிக்கறாங்கன்னு எழுதினேன். அவங்களை மேஜைக்கு அனுப்பிடலாம்னு மாமாகிட்ட சொன்னேன். 'நல்ல யோசனை மருமகளே'ன்னார். அன்னையிலேர்ந்து நீங்க ரோலர்கிட்ட தனியாத்தான் இருந்தீங்க."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்க கை உள்ள போனப்போ நீங்க கத்தினீங்களாம். சுவிட்சு சுவத்துல இருக்கு. உங்களுக்கு எட்டாது. அவங்களுக்குத்தான் எட்டும். மேஜையிலேர்ந்து அவங்க ஓடி வர்றதுக்குள்ள…"

அவள் நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.

"எல்லாரும் உங்க கவனக்குறைவுங்கறாங்க. நான் பேசாம இருந்தேன். இன்னைக்கு மத்தியானம், தண்ணி குடிக்கப் போயிட்டேன்னு தூண் சொல்லப்போறாங்க. அதுக்கும் நான் பேசாம இருக்கணுமாம். அவ்வளவுதான் அத்தை."

அந்தச் சிவப்புப் பட்டை ரோலர் பக்கத்தில் நின்ற பெண் என்பது அம்மாவுக்கு இப்போதுதான் தெரிகிறது. எந்த இடத்தில் நின்றாள் என்று முதல் சுற்றில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். டீக்கடைக்குப் போனவனிடம் கேட்டாள். மகளிடம் கேட்கவில்லை.

"எதைக் கேட்காம விட்டே?" குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

"நீங்க எதுக்கு இங்க நிக்கறீங்கன்னு அவங்களைக் கேட்கலை, மேடம். எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னுதான் பார்த்தேன்."

பின் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வகுப்பில் அவனுக்கு "வக்கீல்" என்று பெயர். வழக்கமாய் அவன் கையைத் தூக்கினால் ஒரு முனகல் எழும். இன்று எழவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். இங்க பேசினது இந்த ரூமோட போயிடும்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"அப்போ இதுவும் போயிடுமா? நீங்க மார்க் போடுவீங்க, நாங்க கேன்டீனுக்குப் போவோம். அந்தம்மா தண்ணி குடிக்கப் போனதா எழுதிடுவாங்க. சரிதானே?"

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். "இந்த ரூமோட" என்ற வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராய் இருந்தன. அவளே போட்ட விதி. அதற்குப் பின்னால் மகளை நிறுத்திக் கதவைச் சாத்திவிடலாம். ஒருத்தரும் தப்பு சொல்ல முடியாது.

குட்டி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் போறேம்மா," என்றாள்.

வகுப்பில் அவள் "அம்மா" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

அம்மா ஸ்கூட்டரை எடுத்தாள். குட்டி பின்னால் ஏறிக்கொண்டாள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?" காற்றில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நீங்க கேட்கலையேம்மா."

சிக்னலில் வண்டி நின்றது. வலது பக்கம் திரும்பினால் வீடு. அம்மாவின் கட்டைவிரல் இண்டிகேட்டர் மேல் போய் நின்றது.

"குட்டி, மாமாவோட ஆலையை மூடிடுவாங்க. உன் மேல கேஸ் வரலாம். எனக்கு வேலை இருக்குமான்னு தெரியாது. நல்லா யோசிச்சியா?"

"தூணுக்கு?"

"என்ன?"

"அவங்களுக்கு என்ன ஆகும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி நேராகப் போயிற்று.

ஆலையில் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. அங்கே அவ்வளவு அமைதியைக் குட்டி கேட்டதில்லை. சோப்பும் சூடான துணியும் கலந்த அதே வாசம். ஆளைவிட மூன்று மடங்கு அகலத்துக்கு ரோலர் படுத்துக் கிடந்தது. அதன் முன்னால் மாமா, ஒல்லியாய் ஆய்வு அதிகாரி, அவர்களைவிட ஒரு தலை உயரமாய்த் தூண்.

"…தண்ணி குடிக்கப் போனேங்க," என்று தூண் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பார்வை தரையில்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டுப் போனீங்களா?"

"இல்லீங்க."

"வழக்கமா அப்படிப் போவீங்களா?"

அந்தக் கேள்வி மாமா சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை போலிருக்கிறது. தூண் மாமாவைப் பார்த்தாள்.

"சார்," என்றாள் குட்டி. "அவங்க அன்னைக்கு இங்க இல்லவே இல்லை. நான்தான் மாத்தச் சொன்னேன்."

மாமா திரும்பிய வேகத்தில் சாவி கீழே விழுந்தது. ஒரு நொடிதான். பிறகு சிரித்தார்.

"என் மருமக சார். அத்தை மேல உசிரு. நாலு நாளா இப்படித்தான் புலம்பிக்கிட்டு இருக்கா. அக்கா, கூட்டிட்டுப் போயேன்!"

அம்மா அசையவில்லை.

அதிகாரி குட்டியைப் பார்த்தார். "யார் இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா? ஊட்டற ஆளுக்குன்னுதானே இந்தக் கயிறு இருக்கு. இழுத்தா ரோலர் நின்னுடும். தனியா இருந்தாலும் அவங்க இழுத்திருக்கலாமே?"

ரோலரின் முன்விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் நைலான் கயிறு ஓடியது.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்," என்றார் மாமா. "பதற்றத்துல இழுக்காம விட்டுட்டா. பாவம்."

குட்டி கயிற்றைப் பார்த்தாள். மூன்று நாள் இதே இடத்தில் நின்று ஒவ்வொரு கையையும் பார்த்தவள் அவள். கயிற்றை அவள் பார்த்ததில்லை. தனக்கு அவ்வளவுகூடக் கண் தெரியவில்லையா?

பக்கத்தில் போனாள். கயிற்றைப் பிடித்து நீளமாய் உருவினாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சுத்தமாய் இருந்தது. அதே கையால், கயிறு கட்டியிருந்த இரும்புச் சட்டத்தைத் தடவினாள். உள்ளங்கையில் பஞ்சு திரண்டு வந்தது.

இரண்டு தடவையும் அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எப்ப கட்டினீங்க மாமா?"

மாமா குனிந்து சாவியை எடுத்தார். குட்டி அவருக்காக நிற்கவில்லை. தூணிடம் திரும்பினாள்.

"அக்கா, நான் இதை அப்பவே கேட்டிருக்கணும். கேட்கலை. இப்ப கேட்கறேன். நீங்க எதுக்கு அங்க நின்னீங்க?"

தூண் தன் இடத்தைப் பார்த்தாள். சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே சுவரில், ஆள் சாய்ந்து சாய்ந்து ஒரு வழவழப்பு ஏறியிருந்தது. பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கட்டும் என்று.

"பழைய கயிறு அறுந்துபோச்சு," என்றாள் தூண், குட்டியிடம் மட்டும். "புதுசு கட்டற வரைக்கும் நீ சுவிட்சுகிட்ட நில்லு, அவ சத்தம் போட்டா அணைன்னாரு முதலாளி. மாசக்கணக்கா நின்னேன். கயித்துக்குப் பதிலா நான்மா. அதுக்குத்தான் நின்னேன்."

எங்கோ ஒரு குழாயிலிருந்து நீராவி சன்னமாய்க் கசிந்தது.

"மாமா," என்றாள் குட்டி. "எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே. அவங்களை எடுத்துடலாம்னு நான் சொன்னப்போ…"

"நீதானே கண்ணு படமெல்லாம் போட்டுக் காமிச்சே," என்றார் மாமா. "படிச்ச பொண்ணு. சரியாத்தான் இருக்கும்னு…" முடிக்கவில்லை. அறுந்த கயிற்றைப் படிக்காதவனும் பார்க்கலாம் என்பது சொல்லும்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மடிக்கிற மேஜையின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

மேஜை மேல் அவருடைய செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

திரையில் பெயரைப் பார்த்துவிட்டு அம்மாதான் எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை. இடது கையால் அமுக்கியிருப்பாள்.

"ஹலோ" சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். மருந்து மயக்கத்தில் குழறிய குரல். அம்மாவின் காதுக்கு மட்டும் கேட்டது.

"என்னங்க, போனை எடுக்க இவ்வளவு நேரமா? நான் சொன்னபடி கயித்தைக் கட்டிட்டீங்கல்ல? அந்த ஆளு வந்து பார்த்தானா? என்னைக் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன், கயிறு இருந்துச்சு, நான்தான் இழுக்கலைன்னு. விரல் போனது போகட்டும். குட்டி பேரு மட்டும் வெளிய வரக்கூடாது, சொல்லிட்டேன். உங்க அக்காவுக்கும் தெரியக்கூடாது. கேட்குதா?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"யாரு? அடிபட்ட அம்மாவா?" அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். "அவங்கதான் எனக்கு முக்கியமான சாட்சி. என்ன சொல்றாங்க?"

அம்மா தம்பியைப் பார்த்தாள். தோளில் மறுபடி பஞ்சு. பிறகு மகளைப் பார்த்தாள். உள்ளங்கைப் பஞ்சைக்கூடத் தட்டாமல், வகுப்பில் பதிலுக்குக் காத்திருப்பதுபோல, குட்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.